கொசுறுக்குக் கட்டம் இல்லை

எங்கள் துறைமுக ஊரான செக்கண்டியில் ஒரு கல்யாணம் நிலைத்து நிற்க இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, புருஷன் தன் சம்பளம் எவ்வளவு என்று பெண்டாட்டியிடம் சொல்லக் கூடாது. மற்றொன்று, காலையில் அவன் தருகிற சமையல் காசில் மிச்சம் எவ்வளவு என்று பெண்டாட்டி அவனிடம் சொல்லக் கூடாது. எந்தப் பாதிரியாரும் இவற்றைப் பீடத்தில் நின்று வாசிப்பதில்லை. ஆனால் அவர் வாசிக்கிற எல்லாவற்றையும்விட ஊரில் இவைதான் ஒழுங்காக நடக்கின்றன.

ஒரே முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள எங்கள் வளவில் மூன்றாவது அறையில் குடியிருக்கும் எக்குவா இந்தச் சட்டத்தைப் பதினோரு வருடம் ஒரு நாள்கூட மீறாதவள். அவள் புருஷன் ஏபோ துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். தினமும் விடிந்ததும் கோயில் உண்டியலில் போடுகிறவன்போல எங்கேயோ பார்த்துக்கொண்டு ரேடியோவுக்கு அடியில் சமையல் காசு எண்பது சீடியைச் செருகுவான். அதில் மூத்தவன் ஃபீஃபி முதல் மூன்று பிள்ளைகளும் அவர்கள் இருவரும் சாப்பிட வேண்டும். எக்குவா அறுபதில் சாப்பாட்டை முடிப்பாள். மீதி இருபது, பத்து மணிக்குக் குடைபிடித்துக்கொண்டு வருகிற தினச்சீட்டுக்காரனிடம் போய்விடும்.

பிள்ளைகள் வயிற்றில் அடித்து மிச்சம் பிடித்தாள் என்று யாரும் நினைக்கக் கூடாது. அந்த வீட்டுக் குழம்பில் கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும். அவள் மிச்சம் பிடித்தது முழுக்கக் கொசுறில். சந்தையில் தக்காளி, வெங்காயம், மிளகாய் விற்கிற மன்சாவிடம் ஒரு தகர டப்பா தக்காளிக்குக் காசு கொடுப்பாள். கொடுத்துவிட்டு நகர மாட்டாள். மன்சாவின் மகளுடைய சௌக்கியத்தை விசாரிப்பாள், ஒரு தக்காளி. மன்சாவின் முழங்கால் வலியை விசாரிப்பாள், இன்னும் இரண்டு. ஜெபக்கூட்டத்தில் மன்சாவுக்காக வேண்டிக்கொண்டதைச் சொல்வாள், ஒரு கைப்பிடி மிளகாய். திரும்பும்போது ஒரு டப்பா ஒன்றரை டப்பாவாகியிருக்கும். போன மாதம் மன்சாவே பொறுக்க முடியாமல், இவளுக்குக் கொடுத்த கொசுறை மட்டும் விற்றிருந்தால் மகளுக்கு இரண்டு செட் பள்ளிச் சீருடை தைத்திருக்கலாம் என்று பக்கத்துக் கடைக்காரியிடம் இவள் காதில் விழும்படியே சொன்னாள். எக்குவா அதற்கும் சிரித்து, ஒரு கத்தரிக்காயை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள்.

கடந்த ஐந்து மாத மிச்சமெல்லாம் ஒரு ஃப்ரீசருக்காக. துறைமுகத்துக்குப் பின்னால் கப்பலில் வந்த பழைய சாமான் விற்கிறவனிடம் ஒரு வெள்ளைப் பெட்டி கிடந்தது. மூடியில் ஒரு நெளிவு. பக்கத்தில் எந்த தேசத்துக் குழந்தையோ ஒட்டிய நாய்ப் படம். விலை மூவாயிரம். மீன் கொள்ளை கொள்ளையாக வரும் மாதத்தில் வாங்கி உள்ளே போட்டு, மீனே இல்லாத மாதத்தில் எடுத்து விற்றால், அந்தப் பெட்டி இரண்டு வருடத்தில் ஒரு தனி அறையாகும் என்பது அவள் கணக்கு. கடைக்காரன் கடைசியாக ஒரு தேதி சொல்லிவிட்டான்: இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை மத்தியானம். அதற்குப் பிறகு பெட்டி சாப்பாட்டுக்கடைக்காரிக்கு; அவள் இதற்குள் இரண்டு தடவை வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுப் போயிருந்தாள். எக்குவாவுக்குக் குறைவது இருநூற்றெண்பது. பதினான்கு நாளுக்கு இருபது இருபதாகப் போட்டால் சொல்லிவைத்தாற்போல் நேராகும்.

ஒரு நாள் பிசகினாலும் போச்சு. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. ஏபோவின் தாய்மாமன் குவாமினா இறந்து மூன்று மாதமாக ஆஸ்பத்திரிக் குளிரறையில் காத்திருந்தார். பந்தல், வாத்தியம், குடும்பத்துக்கெல்லாம் ஒரே நிறத்தில் துணி என்று எல்லாவற்றுக்கும் பணம் சேர்ந்தால்தான் அடக்கம். ஏபோவின் பங்கு இரண்டாயிரம் என்று குடும்பக் கூட்டம் தீர்மானித்திருந்தது. மூவாயிரம் மனைவி கையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தால் பெட்டி வாங்குகிற காசு பந்தலாகிவிடும். மாமாவுக்கு ஏற்கெனவே ஒரு குளிர்பெட்டி இருக்கிறது, எனக்குத்தான் இல்லை என்று எக்குவா என் மனைவியிடம் ஒரு தடவை முணுமுணுத்தாள்.

அந்தப் பதினான்கு நாளின் முதல் நாள்தான் கணக்கெடுப்பு அலுவலகத்திலிருந்து குவான்சா வந்தார்.

மக்கள் என்ன வாங்குகிறார்கள், எவ்வளவு தின்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அரசாங்கத்துக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை வரும். வளவில் எட்டு அறை. சீட்டுக் குலுக்கியதில் விழுந்தது மூன்றாவது அறை. குவான்சா முன்பு பள்ளிக்கூட வாத்தியார். பளபளவென்று துடைத்த செருப்பு, தோளில் தொங்கு தராசு, கையில் கட்டங்கள் போட்ட தடித்த புத்தகம். இங்கே சொல்வது எதுவும் வெளியே போகாது என்ற ரகசியப் பிரமாணத்தை அவர் முற்றத்தின் நடுவில் நின்று வாசித்தார். மூன்றாம் தெருவில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களும் அதைக் கேட்டு நிம்மதி அடைந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவேன், வாங்கியதை எல்லாம் எழுதுவேன், நிறுப்பேன், கடைசி வெள்ளிக்கிழமை குடும்பத் தலைவர் ஒவ்வொரு பக்கமும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

தக்காளி எத்தனை டப்பா என்று கேட்டார். ஒன்று என்று எக்குவா உண்மையைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் கையெழுத்து விஷயம் அவள் மண்டையில் உறைத்தது. படிக்கப்போவது ஏபோ, கூட்டினால் எண்பது வர வேண்டும், ஒன்று என்று எழுதியாகிவிட்டது. இனிப் பொய் சொல்ல இடம் இருந்தது விலைக் கட்டத்தில் மட்டும். பதினெட்டு சீடித் தக்காளியை இருபத்தைந்து என்றாள். வெங்காயமும் மிளகாயும் அதே வேகத்தில் ஏறின. இப்படியாக ஒரு தேசத்தின் விலைவாசி பாதிக் காலைப்பொழுதுக்குள் எங்கள் முற்றத்தில் உயர்ந்தது.

ஏபோவிடமும் கேள்வி இருந்தது. சம்பளம் எவ்வளவு என்றதும் அவன் எழுந்து குவான்சாவைக் குளியல் மறைப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்க் காதில் சொன்னான். பீர் என்ற கட்டத்தில் சைபர். போக்குவரத்து என்ற கட்டத்தில் மட்டும் ஒரு மனிதன் தினமும் தலைநகர் போய்த் திரும்புகிற தொகை.

பன்னிரண்டு நாள் எல்லாம் சுகமாகப் போயிற்று. குவான்சாவை ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. ஒரு டப்பா என்று சொல்லுகிற தக்காளி ஏன் தராசில் இவ்வளவு இறங்குகிறது? யாரும் கேட்காமலே கடமை செய்கிற மனிதர்களால் உலகத்தில் எத்தனையோ குடும்பம் கெட்டிருக்கிறது. வியாழக்கிழமை அவர் சொந்தக் காசில் வண்டி பிடித்து மன்சாவின் கடைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை. ஏபோவுக்கு அந்த வாரம் மத்தியான வேலை என்பதால் வீட்டில் இருந்தான். காசு ரேடியோவுக்கு அடியில் இருந்தது, எக்குவா இன்னும் எடுக்கவில்லை. குவான்சா புத்தகத்தை விரித்தார், பேனாவை நீட்டவில்லை.

"ஐயா, கையெழுத்துக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். உங்க வீட்டு எழுத்துல டப்பா இருபத்தஞ்சு. நேத்து நானே அந்தக் கடையில கேட்டேன், பதினெட்டுதானாம். அம்மா சூதுவாது தெரியாதவங்க. அவங்கள ஏமாத்துறாங்க."

எக்குவாவின் கையிலிருந்த உலக்கை பாதியில் நின்றது.

ஏபோ சாதாரணமாகக் கோபப்படாத ஆள். ஆனால் தன் மனைவியை ஒருத்தி ஏமாற்றுகிறாள் என்றால், அதுவும் ஒரு அரசாங்க ஆள் முன்னால் தெரிந்துவிட்டது என்றால், சும்மா இருந்தால் அவன் ஆண்பிள்ளையா? உள்ளே போய்க் கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். ஆண்கள் அந்தச் சந்தைக்குள் போவதில்லை. மூட்டை தூக்குகிறவனும் பைத்தியக்காரனும்தான் போவார்கள். எக்குவா அதைச் சொன்னாள். மழை வரும்போல இருக்கிறது என்றாள். தானே போய்க் கேட்டுவிடுகிறேன் என்றாள்.

"நீ கேட்ட லட்சணம்தான் தெரியுதே. பன்னெண்டு நாளா உன் தலையில மொளகா அரைச்சிருக்கா. பேசாம வா."

அதோடு, ரேடியோவைத் தூக்கி, எண்பது சீடியையும் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கடைசி இருபதும் அதோடு போயிற்று. தினச்சீட்டுக்காரன் பத்து மணிக்கு வருவான். பெட்டிக்காரன் நாளை மத்தியானத்துக்கு மேல் பார்க்க மாட்டான்.

முன்னால் ஏபோ, நடுவில் தராசோடு குவான்சா, பின்னால் எக்குவா. நானும் போனேன், இப்படி ஒரு ஊர்வலத்தை விட்டுவிட்டு வீட்டில் இருப்பவன் மனிதனே இல்லை. மன்சா தூரத்திலேயே பார்த்துவிட்டாள். தக்காளியைக் குவிப்பதை நிறுத்தாமலே குரல் கொடுத்தாள்.

"என்ன எக்குவா, ஆம்பளைய சந்தைக்கு ஓட்டிக்கிட்டு வந்திருக்கே. விக்கவா?"

பக்கத்துக் கடைகள் சிரித்தன. ஏபோ சிரிக்கவில்லை. டப்பா என்ன விலை என்று கேட்டான்.

மன்சாவின் பார்வை ஏபோவிடமிருந்து குவான்சாவின் புத்தகத்துக்குப் போயிற்று. புத்தகத்திலிருந்து எக்குவாவின் முகத்துக்கு வந்து நின்றது. எக்குவா வாய் திறக்க வழியில்லை. உதட்டை அசைத்தாலே மூன்று பேர் பார்ப்பார்கள். பதினோரு வருடக் கொசுறும் மன்சாவின் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்: ஒவ்வொரு தக்காளியும், சிரித்துக்கொண்டே எடுத்த அந்தக் கத்தரிக்காயும். பதினெட்டு என்ற ஒரே சொல் போதும், அத்தனைக்கும் வட்டியோடு வாங்கிவிடலாம். அவள் நான்கு தக்காளியை எடுத்தாள், துடைத்தாள், ஒவ்வொன்றாக மறுபடி அடுக்கினாள். நான்காவதை வைத்த பிறகுதான் பேசினாள்.

"யாருக்குண்ணே?"

"என்ன யாருக்கு?"

"வெல யாருக்குன்னு கேக்குறேன். நேத்து சார் கேட்டாரு, பதினெட்டுன்னேன். அது தலைதட்டின டப்பா. உங்க வீட்டம்மா வாங்குறது குவிச்ச டப்பா, அதுக்கு மேல கையால போடுறது வேற. அது இருபத்தஞ்சு. சாருகிட்ட தராசு இருக்குல்ல? நிறுத்துப் பாக்கட்டும்."

குவான்சாவின் முகம் ஞானஸ்நானம் பெற்றவன் முகம்போல ஆயிற்று. தலைதட்டிய டப்பாவை நிறுத்தார். குவித்த டப்பாவை நிறுத்தார். புத்தகத்தைப் புரட்டினார். பன்னிரண்டு நாளாக அவர் தூக்கத்தைக் கெடுத்த எடை அணா பைசா சுத்தமாகப் பொருந்தியது. மேலே கையால் போடுவதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மட்டும் தேடினார். அதற்கு இடமே விடவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் தக்காளி என்றே எழுதிக்கொண்டார்.

ஏபோவுக்குத்தான் சிக்கல். சண்டைக்குப் போட்ட சட்டை வீணாகக் கூடாது. வந்ததற்கு அன்றையச் சாமானைத் தானே வாங்குவதாகச் சொன்னான். மன்சா மரியாதையாக அளந்தாள், ஒரு கட்டைவிரலை டப்பாவுக்கு உள்ளே விட்டுக்கொண்டே. ஏபோ யாருடைய முழங்காலையும் விசாரிக்கவில்லை. வெங்காயம், மிளகாய், மரவள்ளி, சின்னப் பையில் முடிச்சுப் போட்ட எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்ட காசை எடுத்து நீட்டினான். மீன் வரிசைக்குப் போகுமுன் பையில் கையை விட்டவன், துணியைத்தான் தடவினான்.

கூடையைப் பார்த்தான். எக்குவா வழக்கமாகக் கொண்டுவருவதில் பாதிகூட இல்லை.

"எண்பதுல நீ எப்படி மீனும் வாங்குற?"

"ஆண்டவர் நடத்துறாரு, ஃபீஃபி அப்பா."

அவன் இடுப்புப் பையிலிருந்து, பீர் என்று எழுதாத காசிலிருந்து, நாற்பது எடுத்து அவளிடம் கொடுத்தான். நாளையிலிருந்து நூறு வைக்கிறேன் என்றான், மன்சாவின் காதில் விழாதபடி. அந்த நாற்பதில் மீனுக்குப் போனது இருபது.

கையெழுத்து அங்கேயே தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் நடந்தது. காற்று அடித்து ஒரு பக்கம் தானாகப் புரண்டது. அது ஏபோவின் சம்பளப் பக்கம். அவன் பாய்ந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். மற்றப் பக்கங்களை ஒன்றும் படிக்காமல் கையெழுத்துப் போட்டு முடித்தான். எக்குவா பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டாள்.

ஆண்கள் நகர்ந்ததும் மன்சா எக்குவாவின் முந்தானையைப் பிடித்தாள்.

"எதுக்கு?"

"ஃப்ரீசருக்கு."

"எவ்வளவு பெருசு?"

எக்குவா கையை விரித்துக் காட்டினாள்.

"அதுல ஒரு மூலை எனக்கு."

"வாடகை என்ன தருவே?"

மன்சா முந்தானையை விட்டாள். "கொசுறு," என்றாள்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பெட்டி தள்ளுவண்டியில் வந்தது. வளவே கூடி, பிளக்கைச் செருகியதும் அது இருமிவிட்டு ஓடத் தொடங்கியதைக் கேட்டது. ஏபோ சுற்றி வந்தான். நாய்ப் படத்தைத் தடவினான். மூடியைத் தூக்கிக் குளிரில் கையை நீட்டினான். பிறகு, இவ்வளவு காசு எங்கிருந்து என்று கேட்க வாயைத் திறந்தான்.

"நேத்து ஒரு பக்கத்த உள்ளங்கைய வெச்சு மறைச்சீங்களே," என்றாள் எக்குவா, அடுப்பை ஊதிக்கொண்டே. "அதுல என்ன இருக்குன்னு நான் கேட்டேனா?"

ஏபோ மூடியை மெதுவாகச் சாத்தினான். ஓடுது, நல்லா ஓடுது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் புறப்பட்டான்.

திங்கட்கிழமை மன்சா ஒரு கூடை மிளகாயோடு வந்து மூலையைப் பிடித்தாள். மறுவாரம் இரண்டு கூடை. அதற்கடுத்த வாரம் எக்குவாவின் மீன் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. மன்சாவோ எக்குவாவின் பிள்ளைகள் ஒவ்வொருத்தர் சௌக்கியமும் விசாரித்தபடி மூன்றாவது கூடையை இறக்கினாள். அவள் போன பிறகு எக்குவா மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்தாள். பிறகு என் மனைவியைக் கூப்பிட்டு, இவளுக்குக் கொடுக்கிற இடத்தை மட்டும் வாடகைக்கு விட்டிருந்தால் பிள்ளைக்கு இரண்டு செட் சீருடை தைத்திருக்கலாம் என்றாள்.