டாக்டர் வருகிறார் என்று சொன்ன தப்பு

"என்னம்மா, படிப்பு முடிஞ்சுதா?" என்று யாராவது கேட்டால் அன்பரசிக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிரியலில் இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு. இரண்டு பட்டமும் கடைசியில்தான் ஒன்றாகக் கிடைக்கும். பள்ளியில் கூடப் படித்து, வேறு படிப்பில் சேர்ந்தவர்கள் நான்காம் ஆண்டு முடிவிலேயே பட்டமளிப்பு அங்கி போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். இவள் அன்றைக்கு புக்கிட் ரோத்தான் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், ஆந்தைப் பெட்டிக்குக் கீழே குனிந்து நின்றாள்.

"ரெண்டு டிகிரின்னு சொன்னே. கையில ஒண்ணையும் காணோமேலா," என்றார், எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழங்களை ஏற்றிப்போகும் லோரியை ஓட்டும் அப்பா கணேஸ்வரன். கிண்டல்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

செம்பனைத் தோட்டத்தில் எலிகளை ஒழிக்க, தூண் நட்டு மேலே பெட்டி வைத்து ஆந்தைகளைக் குடியேற்றியிருந்தார்கள். ஆந்தை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். மாதக் கடைசியில் இருபது பெட்டிகளின் கீழும் கிடக்கும் உருண்டைகளைப் பொறுக்கி, உள்ளேயிருக்கும் எலி மண்டைகளை எண்ண வேண்டும். பன்னிரண்டு மாதக் கணக்கும் இருந்தால்தான் ஆய்வேடு. பதினொன்று முடிந்துவிட்டது.

கடைசி மாதத்தை நேரில் பார்க்க அவளுடைய விரிவுரையாளர் டாக்டர் ஹஸீனா வருவதாகச் சொன்னார். அன்பரசி உடனே, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசியைப் போனில் கூப்பிட்டாள்.

"மாமா, புதன்கிழமை டாக்டர் வர்றாங்க. பெட்டி இருக்கிற இடத்தையெல்லாம் பார்ப்பாங்க."

"நீ கவலைப்படாதம்மா. நான் பாத்துக்கிறேன்."

புதன்கிழமை முதல் பெட்டியின் கீழே தரை பளிச்சென்று இருந்தது. துடைப்பம் இழுத்த கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. இரண்டாவது பெட்டியின் கீழேயும் அப்படித்தான். மூன்றாவது இடத்தில் சுண்ணாம்பே தூவியிருந்தார்கள்.

இஸ்திரி போட்ட சட்டையில் சன்னாசி முன்னால் வந்தார். "நாலு ஆளப் போட்டு ரெண்டு நாளா கூட்டினோம். போன தடவை டெங்கிக்காக டாக்டர் வந்து நாங்க குடியிருக்கிற லயத்தையே திட்டிட்டுப் போனாங்க. இன்னிக்கு ஒரு கொசு இருக்கா பாரு!"

"கீழ கிடந்த உருண்டையெல்லாம்?"

"அந்த நாத்தமா? எரிச்சாச்சு."

"மாமா, இவங்க அந்த டாக்டர் இல்ல. படிச்சுப் பட்டம் வாங்குன டாக்டர்."

"எந்த டாக்டர்மா படிக்காம ஆனாங்க?"

டாக்டர் ஹஸீனா இருபது பெட்டிகளையும் நடந்து பார்த்தார். ஓர் உருண்டைகூட மிஞ்சவில்லை. காரில் ஏறும்போது மெதுவாகச் சொன்னார்: "பக்கத்து மாசத்தப் பாத்து ஒரு நம்பர் போடலாம்னு மட்டும் நெனைக்காத. எலி மாசத்துக்கு மாசம் கூடும், குறையும்; அடுத்த வருஷம் இதே மாசம்தான் மறுபடி எடுக்கணும். வேணாம்னா முதுகலைய விட்டுட்டு, இளங்கலையோட இப்பவே வெளியே போயிடலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு."

"அதான் ஒண்ணு கிடைக்குதுல்ல, வாங்கிக்க," என்றார் வீட்டில் விஷயத்தைக் கேட்ட அப்பா.

அன்பரசிக்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. 'டீச்சர் வர்றாங்க' என்று சொல்லியிருந்தால் ஒருத்தரும் துடைப்பத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். இத்தனை வருஷம் அறிவியல் படித்தவளுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. நோட்டைத் திறந்தாள். பதினோரு எண்களுக்குக் கீழே ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் என்ன எண்ணைப் போட்டாலும் யாருக்கும் தெரியாது என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. 'தரவு இல்லை' என்று பேனா அழுந்த எழுதினாள்.

வெள்ளிக்கிழமை, இன்னொரு வருஷம் படிக்கிறேன் என்று விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சன்னாசியைப் போனில் கூப்பிட்டாள்.

"டாக்டர் ஏதும் குறை சொன்னாங்களாம்மா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

"மாமா, அடுத்த வருஷமும் வருவோம். யார் வந்தாலும் பெட்டிக்குக் கீழ கூட்டாதீங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

"அதெப்படிம்மா? ஆளுங்க வர்ற இடத்த கூட்டாம விட்டா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

அன்பரசி மூச்சை இழுத்துவிட்டு, ஏன் கூட்டக்கூடாது என்று எலி மண்டையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.