எங்கை எண்டு கேக்கிறது பேந்து

எனக்குக் கடல் தெரியும். ஆகாயம் தெரியாது. படிப்பும் குறைவு. ஆனாலும் இதை எழுதி வைக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் எங்கள் வள்ளத்தில் இரண்டு பேர். முன்னுக்கு நான் நிற்பேன். பின்னுக்கு மோட்டரைப் பிடித்திருப்பவன் மச்சான், மனைவியின் தம்பி. களப்புக் கடலில் தண்ணீர் ஆழமில்லை. கல்லைக் கண்டால் நான் கத்துவேன். அவன் உடனே திருப்ப வேண்டும். எங்கள் வழக்கம் அதுதான். ஆனால் மச்சான் திருப்ப மாட்டான். "எங்கை?" என்று கேட்பான். அவன் கேட்டு முடிப்பதற்குள் மோட்டர் காற்றாடி உடைந்திருக்கும்.

அன்று நானும் மனைவியும் கொழும்பில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு விமானத்தில் பலாலி விமான நிலையத்துக்குத் திரும்பினோம். சின்ன விமானம். ஓட்டுகிறவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் கதவு கிடையாது. எங்களுக்கு முன்னால் வலது பக்கம் எங்கள் மகள். இடது பக்கம் தலை நரைத்த கப்டன், சிங்களவர்.

அவளுக்கு அன்று சோதனை. அவள்தான் ஓட்டி, அவள்தான் இறக்க வேண்டும். கப்டன் சரி என்றால் இந்த வழியில் அவள் முழு விமானி. இல்லையென்றால் திரும்பவும் பயிற்சி. மனைவி காலையில் ஒன்றும் தின்னவில்லை. நான் தின்றேன்.

பலாலிக்குக் கிட்ட மழை. கண்ணாடிக்கு வெளியே எல்லாம் வெள்ளை. இறங்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று விமானம் பொத்தென்று கீழே போனது. காற்று கீழே இழுத்தது என்று பிறகு சொன்னார்கள். மலையோ நிலமோ கிட்ட வந்தால் கத்துகிற மெஷின் முன்னால் இங்கிலிஷில் கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. சொல் விளங்கவில்லை. கத்தியது விளங்கியது.

அது கத்தி முடியவில்லை. மகள் ஒரு கையால் எதையோ முன்னுக்குத் தள்ளினாள். மற்றக் கையால் இழுத்தாள். எஞ்சின் உறுமியது. மூக்கு மேலே போனது. கப்டன் கையை நீட்டினார். அந்தக் கைக்கு வேலை இருக்கவில்லை. முகில் ஒரு இடத்தில் கிழிந்தது. பனை வட்டுகள் ஓலை ஓலையாகத் தெரிந்தன. அவ்வளவு கிட்டத் தெரியக்கூடாது.

மனைவியின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியிருந்தது.

பின்னால் ஒருவர் சொன்னார். "என்ன, இறக்கத் தெரியாமத் திரும்ப ஏத்திறாவோ? பொம்பிளைப் பிள்ளை எல்லோ ஓட்டுறா."

மனைவி திரும்பினாள். "ஓம். என்ரை பிள்ளைதான். வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ."

சோதனை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இறக்க வேண்டியவள் இறக்கவில்லையே. அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடவில்லை.

கடல் பக்கம் சுற்றினோம். மழை விலகியது. இரண்டாம் முறை இறக்கினாள். சில்லு நிலத்தைத் தொட்டதுகூடத் தெரியவில்லை. முதலில் கை தட்டியது அந்தப் பின்னால் இருந்தவர்தான்.

வாசலில் மச்சான் வான் வண்டியோடு நின்றான். மகளும் கப்டனும் வந்தார்கள். நான் கப்டனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, பிள்ளை பிழை விட்டிட்டாளோ?"

"என்ன பிழை?" என்றார். அவருடைய தமிழ் கொஞ்சம்தான். "மெஷின் கத்தினது. நிறைய ஆள் அப்ப யோசிக்கிறது. இங்க மல இல்ல தானே, மெஷின் பொய் சொல்றது எண்டு. யோசிச்சா முடிஞ்சது. உங்க மக யோசிக்க இல்ல. மேல எடுத்தது. அத விடப் பெரிய சோதன நான் வைக்க ஏலாது. பாஸ்."

மனைவி அழுதாள். நான் அவர் கையைப் பிடித்தேன். விடக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மச்சானுக்கு வாய் சும்மா இருக்காது. "யாழ்ப்பாணத்திலை மலை எங்கையடி இருக்கு? பனையைக் கண்டு மெஷின் பயந்திட்டுதோ?"

மகள் தொப்பியைக் கழற்றினாள். "மாமா, அப்பா கல்லு எண்டு கத்தினா நீங்கள் என்ன சொல்லுவியள்?"

மச்சான் வண்டிச் சில்லைப் பார்த்தான்.

"எங்கை எண்டு கேப்பான்," என்றாள் மனைவி.

"கேட்டா?"

"காத்தாடி போம்."

"எனக்கு மேலை காத்தாடி வாங்கேலாது மாமா. கத்தினா முதல் ஏத்திறது. எங்கை எண்டு கேக்கிறது பேந்து."

கப்டனுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அவரும் சிரித்தார்.

பின்னேரம் அவளே விமானத்தைக் கொழும்புக்குத் திருப்பிக் கொண்டு போனாள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். பனைகளுக்கு மேலே நேராகப் போனாள். "என்ரை மருமகள்!" என்று மச்சான் கத்தினான். பக்கத்தில் நின்றவர்களுக்கும் சொன்னான். குருநகர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.

அடுத்த நாள் களப்பில் நான் "கல்லு!" என்றேன்.

"எங்—" என்றான். பிறகு வாயை மூடினான். வள்ளம் திரும்பியது.

கல் பக்கத்தால் போனது.