லொறி ஏறாத பாலம்

சிறுதொழில்கள் ஏன் வளர்வதில்லை என்று ஆராய்ந்த குழுவில் நானும் இருந்தேன். அதற்காகத்தான் நிந்தவூரில் அரிசி மாவு ஆலை நடத்தும் அந்தப் பெண்மணியைச் சந்தித்தேன். முக்காட்டிலும் இமைகளிலும் மாவு படிந்திருந்தது. பேசும்போதும் மாவை விரலிடையே தேய்த்துப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வளர்ச்சிக்குத் தடை எது ராத்தா? கடனா, பயிற்சியா, சந்தையா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"மூணும் இல்ல தம்பி. கொழும்பில மாவு கேக்குறாங்க. இந்த வாய்க்கால் பாலத்தில லொறி ஏறாது. ஓட்டோவில எவ்வளவத்தான் ஏத்துற? பாலத்த எழுதுங்க."

"அதுக்கு இதில இடமில்ல. 'வேறு' எண்டதில எழுதுறன்."

"ஓம், போன முறை வந்தவரும் அப்பிடித்தான் சொன்னார்."

எழுதினேன். அறிக்கை வந்தபோது 'வேறு' பகுதியையே நீக்கியிருந்தார்கள். வாதாடிப் பார்த்தேன்; யாரும் கேட்கவில்லை. ஆலைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பரிந்துரைத்தார்கள்.

அந்தப் பயிற்சிக்கு அவரும் வந்து, நாள் முழுக்க இருந்து கேட்டார். முடிந்ததும் வெட்கத்துடன் மன்னிப்புக் கேட்டேன்.

"இன்னொருக்கா ஆராய்ச்சி நடந்தா என்னட்டயே வாங்க தம்பி. நான் திரும்பவும் அதத்தான் சொல்லுவன்" என்றார்.

அது பொறுமையா, பிடிவாதமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. என் ஆத்திரம்தான் அடங்கவில்லை.