ராமாமிர்தம் பிள்ளைக்கு ஒரு பாட்டன் வேண்டும்

கம்பளியை உதறிக் காட்டிக்கொண்டே ராமாமிர்தம் பிள்ளை கேட்கிறார்: "ஊருக்கா போற? தொறையூர் பக்கம் போவியா?" வாங்க வந்தவன் ஆமாம் என்றால் கம்பளியின் விலை குறையும். பதிலுக்கு அவன் துறையூரில் பிள்ளையின் அப்பா முருகையாவுக்குத் தகப்பன் யார், அந்தத் தகப்பனுக்குத் தகப்பன் யார் என்று விசாரித்து, தீபாவளிக்குள் வந்து சொல்ல வேண்டும்.

இலங்கையில், பதுளைக் கடைவீதியில் மற்ற முதலாளிமார் தீபாவளிக்குச் சரிகை வேட்டிக்குச் சொல்லி அனுப்புவார்கள். பிள்ளை முன்னோர்களுக்குச் சொல்லி அனுப்புகிறார். பேராசை ஒன்றுமில்லை. தகப்பன் வழியில் ஒரு பாளையக்காரர்; அகப்படாவிட்டால் பாளையக்காரருக்குக் கணக்கு எழுதியவர். கோயிலுக்குக் கிணறு வெட்டி வைத்த பாட்டி ஒருத்தி. சண்டையில் செத்தவர் ஒருவர், முதுகில் காயம் இல்லாதவராக. இவர்களுக்கெல்லாம் சாட்சி சொல்ல, உயிரோடு ஒரு பங்காளி. மூட்டை சுமந்தவர் யாரும் வேண்டாம் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. போகிறவனுக்கே அது தெரிந்திருக்க வேண்டும்.

நாகூருக்கு நேர்ச்சை செலுத்தப் புறப்பட்ட பக்கத்துக் கடைக் காமில் நானாவையும் அவர் விடவில்லை. "எங்கட வாப்பாட வாப்பாவுக்கு மேல எனக்கே தெரியா மொதலாளி. உங்கட ஆளை நான் எங்க போய்த் தேட?" என்றார் நானா. போகிற வழிதானே என்றார் பிள்ளை. நாகூர் எங்கே, துறையூர் எங்கே என்பது அவருக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து அவர் பண்டாரவளையைத் தாண்டியதில்லை.

இத்தனையும் மூத்த மகள் பூவம்மாவுக்காக. கொழும்பில் அரிசி மண்டி வைத்திருக்கும் குடும்பம் ஒன்று பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, கடையையும் பிடித்திருக்கிறது. ஏழு தலைமுறையை மட்டும் சொல்லி அனுப்புங்கள் என்றார்கள். பிள்ளைக்குத் தெரிந்தது ஒன்றே முக்கால் தலைமுறை. தை பிறக்குமுன் பதில் போகாவிட்டால் சம்பந்தம் கைநழுவிவிடும்.

தகப்பன் முருகையா, காப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கூட்டத்தோடு நடந்து வந்தவர். காப்பிச் செடி பட்டுப்போனதும் தோட்டத்தை விட்டு இறங்கிக் கருவாடு விற்றார். துறையூர் என்ற பேர் ஒன்றுதான் எப்போதோ அவர் வாயிலிருந்து வந்தது. நாம் எங்கிருந்து வந்தோம் என்று மகன் கேட்டால், "மேல இருந்துதான்" என்று மலையைக் காட்டுவார். பிள்ளை அதை ஒரு மலைக்கோட்டை என்று பொருள் செய்துகொண்டார். கோட்டைக்கு ஆதாரம் அவருடைய மூக்கு. நடுவில் மேடு தட்டி, நுனியில் வளைந்த மூக்கு. "இது தோட்டத்துல முள்ளு குத்தி மண்ணக் கெளறுன பரம்பரையோட மூக்காய்யா?" என்று எண்ணெய் வாங்க வந்தவர்களிடமும் பக்கவாட்டில் திரும்பிக் காட்டுவார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடையில் நல்ல கூட்டம். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இராக்கம்மா என்றொருத்தி, கல்யாண வயது மகனோடு வந்து நின்றாள். துணி கேட்கவில்லை.

"முருகையா மகன் நீங்கதானுங்களா? பங்காளி தேடுறீங்கன்னு லயத்து வீடுகள்ல பேசிக்கிட்டாங்க. ஆம்பளைங்க ஒருத்தரும் மிச்சமில்லீங்க. எங்கப்பா உங்கப்பாவுக்கு எளையவரு. நான் உங்களுக்குத் தங்கச்சி."

ஆதாரம் கேட்கப் பிள்ளைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. கடையில் நின்றவர்கள் ஏற்கெனவே அவள் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே மேடு, அதே வளைவு. மகனுக்கு இன்னும் தாராளமாகவே அமைந்திருந்தது.

குரலைத் தாழ்த்தி, பாட்டன் என்ன செய்தார் என்று கேட்டார். துறையூர்ப் பண்ணையில் மாடு மேய்த்தார் என்று அவள் கடை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள். அவருடைய தகப்பனும் அதே பண்ணையில்தானாம். பேர்களையும் சொன்னாள். மாடு மேய்த்தவரை மாட்டுக்கு உடையவராக்குவது பிள்ளைக்குப் பெரிய காரியமில்லை. மனத்துக்குள் நூறு மாடுகளைச் சேர்த்து, பண்ணைக்கு வேலியும் போட்டுவிட்டார். கொழும்பாரிடம் சாட்சி சொல்ல இவள் ஒருத்திதான் ஆள் என்பதும் அவருக்குப் புரிந்தது. "உக்காரு தங்கச்சி" என்றார்.

அவள் உட்காரவில்லை. "பூவம்மாவைக் கொழும்புல குடுக்கப் போறீங்களாமேண்ணே. இவன் வாயில்லாப் பூச்சி, கேக்க மாட்டான். மொறைக்காரன் கல்லு மாதிரி இருக்கையில வெளியில குடுத்தா நல்லாவா இருக்கும்?"

தங்கை மகனைக் கேட்காமல் பெண்ணை வெளியில் கொடுக்கலாகாது என்று கடைவீதியில் எத்தனையோ பேருக்கு நியாயம் சொன்னவர் பிள்ளை. தங்கை இல்லை என்றால் பாட்டனும் இல்லை. தங்கை உண்டு என்றால் மருமகனும் உண்டு. வாசலில் நின்ற காமில் நானா மெதுவாகச் சொன்னார்: "மொதலாளி கேட்டது பாட்டனை மட்டும். ஆண்டவன் மாப்பிள்ளையையும் சேர்த்தே அனுப்பியிருக்கான்."

"மாமனைக் கும்பிட்டுக்கடா" என்றாள் இராக்கம்மா. மகன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான். கடைப் பலகையில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் தொங்கும் பாதங்களை நோக்கிப் பணிவாகக் குனிந்தான்.

பிள்ளை இரண்டு கால்களையும் வெடுக்கென்று மேலே இழுத்து, வேட்டிக்குள் மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார்.