கடைசி வீட்டுக்கு நான்கு படி

காலை ஆறு பத்து. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, தெருக் கடைசியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த ஒருவரின் முதுகு. சாரல் இன்னும் தொடங்கவில்லை. குற்றால மலைப் பக்கம் மட்டும் இருண்டிருந்தது. அவர் பக்கத்தில் சின்ன சிவப்புப் பெயின்ட் டப்பா. கடைசி வீட்டுப் படிக்கட்டை ஒட்டிய சுவரில், தரைக்கு ஓர் அங்குலம் மேலே, சாண் நீளத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் நகராட்சி ஓவர்சீயர்.

தென்காசியின் பழைய குடியிருப்புத் தெருக்களைச் சீரமைக்கும் பட்டியலில் எங்கள் தெருவும் அப்போது சேர்ந்திருந்தது. நான் ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபர்; அதே தெருவில் நான்காவது வீடு. முந்தின நாள் தெருவை அளக்க வந்த ஓவர்சீயர் டேப்பை எடுக்கவே இல்லை. வீடு வீடாக நின்று, "கட்டும்போது உங்க வீட்டுக்கு எத்தனை படி?" என்று கேட்டு நோட்டில் எழுதினார். இருந்தது ஒரு கட்டத்தில், இப்போது இருப்பது பக்கத்துக் கட்டத்தில். ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மேலேயே புதிய சாலையைப் போட்டுக்கொண்டு வந்ததில் தெரு உயர்ந்து படிகள் உள்ளே போயிருந்தன. ஓய்வுபெற்ற ஏட்டையா தன் வீட்டுக்கு ஐந்து படி என்று அடித்துச் சொன்னார். ஓவர்சீயர் ஓரத்தில் கடப்பாரை போட்டுப் பார்த்துவிட்டு, "ஏட்டையா, மூணுதான் இருக்கு. மிச்ச ரெண்டையும் ஸ்டேஷன்லயே விட்டுட்டு வந்துட்டியளோ?" என்றார். தெரு சிரித்தது. ஏட்டையா சிரிக்கவில்லை.

கடைசி வீடுதான் தாழ்வான முனை. அங்கே ஓர் அக்கா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகு, சுவரோரம் கட்டிவைத்த பீடிக்கட்டுகள். நான்கு படி என்று அவர் சொன்னது தோண்டியபோது சரியாக இருந்தது: இரண்டு வெளியே, இரண்டு மண்ணுக்குள். "இன்னொரு தடவ ரோட்ட ஒசத்துனாவன்னா தண்ணி நேரா உள்ளதான் வரும். பீடியில ஈரம் ஏறிச்சுன்னா கம்பெனியில கழிச்சுப் போடுதான். நான் எதை வச்சுப் பொழைக்கது?" என்று கேட்டார். ஓவர்சீயர் மறுநாள் விடிந்ததும் பெயின்ட் டப்பாவோடு வந்தார். கோடு அப்படி வந்ததுதான். பழைய சாலையைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் பேவர் பிளாக் பதிக்க வேண்டும், எந்தக் காரணத்தாலும் தெரு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினார்.

தோண்டுவது என்றதும் தெரு கலங்கியது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாலைக்கு அடியில் அனுமதி இல்லாத குடிநீர் இணைப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே சொன்ன காரணம் வேறு. "நல்லா இருக்க ரோட்டத் தோண்டுததுக்கு ஒமக்கு வேற சோலியே இல்லையாவே?" என்று ஏட்டையா நடுத்தெருவில் நின்று கேட்டார். "ரோடு நல்லாத்தான் இருக்கு. வீடுதான் கீழ போய்க்கிட்டு இருக்கு" என்றார் ஓவர்சீயர். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி, "நான் பாக்க வந்தது மட்டம். குழாயப் பாக்க வரல. அவங்கவங்க சரி பண்ணிக்கிடுங்க, பத்து நாள் கழிச்சுத் தோண்டுதோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பத்து நாளில் யாரும் சரி செய்யவில்லை. நான் செய்தி எழுதினேன். நல்ல நிலையில் உள்ள சாலையைத் தோண்டப் பொதுமக்கள் எதிர்ப்பு என்று நான்கு பத்தி, ஏட்டையா கைநீட்டிப் பேசும் படத்தோடு. ஒரு சொல்கூடத் தவறில்லை. ஐந்து பேரிடம் கேட்டிருந்தேன். ஐந்தும் தெருவின் மேல்பாதி வீடுகள். எங்கள் வீட்டு இணைப்புக்கும் அனுமதி கிடையாது. அது செய்தியில் இல்லை.

தோண்டும் யோசனை கைவிடப்பட்டது. அடுத்த வாரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் ஓவர்சீயரைப் பார்த்தேன். கோபிப்பார் என்று நினைத்தேன். "செய்தி சரியாத்தான் இருந்துச்சு தம்பி. கடைசி வீட்டுல மட்டும் கேக்கல" என்றார். டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவும் தொட்டிப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். சில மாதங்களில் அவருக்கு மாறுதல் வந்தது. ஓய்வுபெற்றபின் ராயகிரிப் பக்கம் இருந்தார் என்றும், அங்கேயே இறந்துபோனார் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

பேவர் பிளாக் பழைய சாலையின் மேலேயே பதிக்கப்பட்டது. சில வருடங்கள் கழித்து அதன்மேல் கான்கிரீட். கடைசி வீட்டு அக்கா வாசலில் செங்கல் வைத்து முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புக் கட்டிக்கொண்டார். ஐப்பசி மழைக்கு அதையும் தாண்டி இரண்டு முறை தண்ணீர் வந்தது. பீடிக்கட்டுகளைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து சுற்றினார். "ஏறி வந்த வீட்டுக்குள்ள இப்ப எறங்கிப் போறேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

இந்த வருடம் மறுபடியும் சீரமைப்புப் பட்டியலில் எங்கள் தெரு. இப்போது ஏட்டையா வீட்டு வாசலிலும் தண்ணீர் நிற்கிறது. போனில் கூப்பிட்டார். "தம்பி, தோண்டாம ரோடு போடக் கூடாதுன்னு ஒரு நியூஸ் போடணுமே."

இந்த முறை முதலில் கடைசி வீட்டுக்குப் போனேன். புதிதாக வந்திருந்த பொறியாளரும் அங்கே நின்றிருந்தார், இளம்பெண். தெருவின் பழைய மட்டம் எது என்று தெரியவில்லை, அலுவலகத்தில் பதிவு எதுவும் இல்லை என்றார். அக்கா தடுப்பைத் தாண்டி வெளியே வந்து சுவரோரம் காலால் தட்டிக் காட்டினார். "இங்கன தோண்டச் சொல்லும்மா. ஒரு மனுசன் எழுதி வச்சுட்டுத்தான் போயிருக்காரு."

ஆட்கள் கான்கிரீட்டை உடைத்தார்கள். பேவர் பிளாக்கைப் பெயர்த்தார்கள். ஒன்றரை அடியில் சிவப்பு தெரிந்தது. அதற்கும் கீழே அவர்கள் தோண்டியபின் பொறியாளர் குழிக்குள் குனிந்து படிகளை எண்ணினார். கோட்டுக்கு மேலே இரண்டு படி இருந்தது. கீழே இரண்டு.