நான் தள்ளிய பேருந்து

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க, புதிதாக விட்ட ஹைபிரிட் பேருந்தில் மனைவியோடு தேனிக்குப் போனேன். சின்னமனூர் நிறுத்தத்தில் என்ஜின் அடங்கியது. நல்ல நேரம் போய்விடுமே என்று பதறி, "எறங்கித் தள்ளுங்கப்பா!" என்று கத்திக்கொண்டே குதித்தேன். ஒருவரும் அசையவில்லை. தனியாளாகத் தள்ளினேன். சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்து, என்னை விட்டுவிட்டுப் போனது. செருப்பு கழல ஓடினேன்.

விசிலடித்து நிறுத்திய கண்டக்டர், "அண்ணே, நின்னா என்ஜின் தானா அணையும். பேட்டரியில கெளம்பும்" என்றார்.

"அத முன்னாடியே சொல்றதுக்கென்னய்யா?"

மனைவி முறைத்தாள். "ஏறுங்க. மாப்பிள்ள பேசாம இருந்தா அவுகளையும் தள்ளிராதீக."

எனக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. உறுமி, குலுங்கி, புகை கக்கினால்தான் வண்டிக்கு உயிர் என்று இத்தனை வருடம் எங்களைப் பழக்கியது யார்?

அன்று மாப்பிள்ளை அமைதியாகத்தான் உட்கார்ந்திருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.