தவிட்டுக்கு வாங்காத பிள்ளை

என் மகள் இருபத்தைந்தாவது வாரத்தில் பிறந்தாள். ஈப்போ மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்குள், என் உள்ளங்கையில் அடங்கும் தலையோடு கிடந்தாள். நான் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவள். அதனாலோ என்னவோ, அவள் முகத்தைவிடத் திரையில் ஓடிய ஆக்சிஜன் அளவைத்தான் அதிகம் பார்த்தேன்.

அந்த எண் இறங்கிக்கொண்டே போன ஒரு மாலை, பக்கத்து வீட்டு அக்கா வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தனக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லச் சொன்னார். தங்காது என்று பயப்படும் பிள்ளையை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு பிடி தவிட்டுக்குத் திரும்ப வாங்குவது எங்கள் தோட்டத்து வழக்கம். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையைச் சாவு மதிக்காதாம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சொன்னேன்.

மகளை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் அக்கா வாசல் கேட்டருகே முறத்தோடு நின்றார். முறத்தில் அவர் கோழிகளுக்குப் போடும் டெடாக் தவிடு. நான் அதில் ஒரு பிடி அள்ளி அவரிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மகளின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. தூசி ஆகாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அக்காவே அவசரமாக முறத்தை அப்பால் கொண்டுபோனார்.

ஆறு வருடமாகியும் அதைச் செய்யவில்லை. மகள் தடித்த கண்ணாடி போடுகிறாள். நுனிக்காலில் நடக்கிறாள். புகைமூட்டம் வந்தால் மூச்சு இழுக்கும். கண், கால், நுரையீரல் என்று எதைக் கேட்டாலும் என்னிடம் விளக்கம் உண்டு. இழுப்பு வரும்போது மட்டும், இவளை நான் இன்னும் வாங்கவில்லையே என்று தோன்றும்.

சென்ற மாதம் அக்கா ஜோகூரில் மகனோடு இருக்கப் புறப்பட்டார். ஒரு பை டெடாக் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

"கோழியெல்லாம் வித்தாச்சு லா, இத யாருக்குப் போடுறது?" என்று சிரித்தார்.

எதற்கென்று சொன்னேன். கையிலிருந்த சேலையை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

"வேணாம் தங்கச்சி. எம் புள்ளையாவே இருக்கட்டும். அவளத் தேடி வர்றது எங்கிட்ட ஜோகூருக்கு வரட்டும்."

நான் வற்புறுத்தவில்லை.

நேற்று மகளுக்கு இழுப்பு. மருந்து கொடுத்து, விரலில் கருவியை மாட்டி, எண் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது. உடனே ஜோகூருக்கு போன் போட்டேன்.

முதலில் இருமல்தான் கேட்டது. பிறகு அக்கா, "புள்ள எப்படி இருக்கு?" என்றார்.